எல்லா 'சர்'ரும் ஒரே 'சர்' இல்லை

கேள்வி: பழைய கட்டடக் கல்வெட்டுகளில் பெயருக்குப் பின்னால் சி.ஐ.இ., கே.சி.ஐ.இ., ஜி.சி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கிறார்களே, எல்லாம் 'சர்' பட்டம்தானே? வெள்ளைக்காரன் அடிமைப்படுத்தினாலும் திறமையை மதித்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பதில்: நல்ல சாட்சியாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள்.

முதலில் எழுத்துகள். இவை இரண்டு விருது வரிசைகளைச் சேர்ந்தவை. மூத்தது 'இந்திய நட்சத்திரம்' (எஸ்.ஐ. என்று முடிபவை). 1857 கலகம் அடங்கிய கையோடு, ராஜாக்களைக் கைக்குள் வைத்துக்கொள்ள 1861-ல் விக்டோரியா ராணி ஏற்படுத்தியது. ராணி 'இந்தியாவின் பேரரசி' ஆன மறு வருஷம், 1878 தொடக்கத்தில் வந்தது 'இந்தியப் பேரரசு' வரிசை (ஐ.இ. என்று முடிபவை). இந்துவும் முஸ்லிமும் மாட்டிக்கொள்ள வேண்டுமே என்று இரண்டு பதக்கத்திலும் சிலுவையைத் தவிர்த்து நட்சத்திரமும் ரோஜாவும் வைத்தார்கள். சாமர்த்தியசாலிகள்!

ஜி.சி. என்று தொடங்கினால் மேல்படி, கே.சி. நடுப்படி, வெறும் சி. கடைசிப்படி. மேல் இரண்டு படிக்குத்தான் 'சர்'. சி.ஐ.இ.காரர் கடைசிவரை ஸ்ரீமான்தான். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி திருவாரூர் முத்துசாமி ஐயர் 1878-லேயே சி.ஐ.இ. வாங்கிவிட்டார். அப்போது அந்த வரிசையில் இருந்ததே அந்த ஒரு படிதான். மற்ற இரண்டும் 1886, 1887-ல் சேர்ந்தவை. அவர் 'சர்' ஆனது 1893-ல். இரண்டு வருஷத்தில் காலமாகிவிட்டார்.

சரி, திறமைக்கு வருவோம். வைஸ்ராய் நாற்காலியில் உட்கார்ந்தாலே இரண்டு வரிசைக்கும் தலைவர். பீரங்கி மரியாதை அதிகமுள்ள பெரிய மகாராஜாவுக்கு நட்சத்திரம். சின்ன ராஜாவுக்குப் பேரரசு வரிசை. நோபல் பரிசு வாங்கிய தாகூருக்கு 1915-ல் என்ன கொடுத்தார்கள்? எந்த வரிசையிலும் சேராத 'நைட் பேச்சிலர்'. மரியாதைப் பட்டியலில் கே.சி.ஐ.இ.க்கும் கீழே. 1929-ல் சர் சி.வி. ராமனுக்கும் அதே. மறு வருஷம் நோபல் வந்தது. ஆனாலும் படி ஏற்றவில்லை. உலகம் தலைவணங்கிய இரண்டு மூளைகளுக்கு இருப்பதிலேயே கீழான 'சர்'. இதுதான் நீங்கள் சொல்லும் மதிப்பு.

1948-க்குப் பிறகு இவற்றை யாருக்கும் தரவில்லை. முறைப்படி கலைக்கவும் இல்லை. ஜி.சி.எஸ்.ஐ. வாங்கியவர்களில் கடைசியாக இருந்த திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் 1991-ல்தான் மறைந்தார்.

பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தவர் என்றால் தாகூரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அவருக்கு ஒரு வருஷம் முன்னாலேயே நம்மூரில் ஒருவர் செய்துவிட்டார்: மணி ஐயர் என்று ஊர் அழைத்த சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், கே.சி.ஐ.இ. உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஹோம் ரூல் (தன்னாட்சி) இயக்கக்காரர். இந்தியாவுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று 1917-ல் அமெரிக்க அதிபர் வில்சனுக்கே கடிதம் எழுதினார். விஷயம் வெளியே வந்ததும் லண்டனில் கொதித்தார்கள். அவர் பதறவில்லை. கே.சி.ஐ.இ.யோடு அரசு தந்த திவான் பகதூர் பட்டத்தையும் சேர்த்து வேண்டாம் என்று 1918-ல் உதறினார். அப்போது அவருக்கு வயது 75.