சர்ச்சில் கல்யாணத்துக்கு முன் ஓலை வாசிப்பது எதற்கு?

கல்யாணப் பத்திரிகை கொடுத்த பிறகும் சர்ச்சில் ஏன் ஓலை வாசிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பத்திரிகை சொந்தக்காரர்களுக்கு, ஓலை என்கிற கல்யாண அறிவிப்பு சபைக்கு. பெண், மாப்பிள்ளை, பெற்றோர் பெயர்களையும் எந்தச் சபை என்பதையும் மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார்கள். ஒருவருக்கு ஏற்கெனவே கல்யாணமாகியிருந்தாலோ, வேறு தடை இருந்தாலோ, தெரிந்தவர்கள் சபைப் போதகரான ஆயரிடம் சொல்லலாம். 1215-ல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் என்ற திருச்சபைத் தலைவர்களின் மாநாடு மேற்கத்திய திருச்சபை முழுவதற்கும் இந்த அறிவிப்பைக் கட்டாயமாக்கியது. நம் ஊரில் அதற்கு ஓலை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பெரம்பூரில் எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் என் பெயரை வாசித்தபோது அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஆராதனை முடிந்ததும், ஞாயிறு பள்ளியில் எனக்கு வசனம் சொல்லிக்கொடுத்த அக்கா நேராக வந்து, "இன்றையிலிருந்து உங்க ரெண்டு பேருக்காகவும் ஜெபிக்கிறேன்டா" என்றார்கள். தடை இருக்கிறதா என்று கேட்பது ஓலையின் ஒரு பாதிதான். நம் வீட்டுக் காரியத்தை அன்றிலிருந்து சபையும் சேர்ந்து சுமக்கிறது. எனக்கு அதுதான் பெரிது.

அப்புறம், தாலி உண்டா என்றும் பலர் கேட்பார்கள். எங்களிடம் உண்டு, சிலுவை பொறித்தது. தாலி கட்டாத சபைகளும் இருக்கின்றன.

எங்கள் மகளின் ஞானஸ்நானத்தில் அந்த அக்காவே ஞானத்தாயாக நின்றார்கள். இப்போது ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கொடுத்தபடி என்னால் ஒரு வரிதான் ஜெபிக்க முடிகிறது. காலையில் அவர்கள் போன் செய்து மீதியை ஜெபிக்கிறார்கள்.