க-வுக்கும் ங-வுக்கும் நடுவே ஏன் வெறும் கட்டங்கள்? யூனிகோட் கேள்வி பதில்

வன்னிப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் தமிழ் யூனிகோட் பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். யூனிகோட் என்பது கணினிக்காக ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் உலகப் பொது அட்டவணை.

மல்லாவி, உயர்தர மாணவர்: அண்ணை, யூனிகோட் அட்டவணையில் க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று கட்டம் வெறுமையாகக் கிடக்கின்றன. மறந்துவிட்டார்களா?

மறக்கவில்லை தம்பி. 1991இல் வந்த யூனிகோட், இந்திய எழுத்துகளுக்கு இஸ்கி என்ற இந்தியத் தரத்தின் 1988 அடுக்கைப் பின்பற்றியது. இந்தி எழுதும் தேவநாகரியில் ஓர் எழுத்து எத்தனையாவது இடமோ, மற்ற மொழிகளிலும் அதற்கு நிகரான எழுத்து அதே இடம். சுழியத்திலிருந்து எண்ணினால் தேவநாகரியிலும் தமிழிலும் ககரம் 21. அடுத்த மூன்று இடத்திலும் அவர்களுக்கு வேறு ககரங்கள் உண்டு, நமக்கு இல்லை. ங 25இல் வரும். தமிழுக்கு ஒதுக்கிய 128இல் 72தான் நிரம்பியிருக்கிறது. ஒரு எழுத்துமுறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஒரு கூட்டல் போதும் என்பது அப்போது பெரிய வசதி. என்ன, அளவெடுத்தது வேறு ஆளுக்கு, சட்டை நமக்கு.

முள்ளியவளை, ஆசிரியை: மகன் எழுதிய நிரலில் ஊர்ப்பெயர்களை வரிசைப்படுத்தினால் முறிகண்டி, முல்லைத்தீவு, முள்ளியவளை, முழங்காவில் என்று வருகிறது. ஏன்?

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தானே பயணம், அந்த வகையில் பிழையில்லை ரீச்சர்! ஆனால் நம் அகரவரிசைப்படி முல்லைத்தீவு, முழங்காவில், முள்ளியவளை, கடைசியில்தான் முறிகண்டி. காரணம் அதே தேவநாகரி அடுக்கு. தமிழின் ற, ன, ழ ஆகியவற்றை எழுத அங்கே ர, ந, ள எழுத்துகளின் கீழே புள்ளி வைத்து, பக்கத்துப் பக்கத்தில் அடுக்கினார்கள். ஆகவே தமிழிலும் ர-வுக்குப் பக்கத்தில் ற, ந-வுக்குப் பக்கத்தில் ன, ள-வுக்குப் பக்கத்தில் ழ. மகனின் நிரல் வெறும் எண்ணைப் பார்த்து அடுக்குகிறது. தமிழுக்கான வரிசை விதி தனியாக இருக்கிறது. நிரல்மொழியில் மொழியைத் தமிழ் என்று குறித்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள், சரியாக வரும்.

கிளிநொச்சி: அப்படியென்றால் அட்டவணையையே திருத்தலாமே?

ஏலாது. 1996இல் கொரிய எழுத்துகளை இடம் மாற்றிப் பார்த்தார்கள். முன்னர் எழுதிய கோப்புகள் குழம்பின. அதற்குப் பிறகு, கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் சட்டம். வெறும் இடத்தை நிரப்பலாம். தமிழ்ச் சுழியமும் ஶ-வும் 2005இல்தான் அப்படி உள்ளே வந்தன.

ஒட்டுசுட்டான், விவசாயி: பழைய கணக்கேட்டில் இருக்கும் நெல், உழக்குக் குறிகளைக் கணினியில் எழுதலாமா?

எழுதலாம் ஐயா. 2019இல் 51 குறிகள் சேர்ந்தன, முந்திரி முதலான பின்னங்களும் அதில் உண்டு. ஆனால் மற்றத் தமிழ் எழுத்துகளோடு இல்லை, தூரத்தில் தனித் தொகுதி. பல எழுத்துருக்களில் இன்னும் வெறும் பெட்டிதான் தெரியும்.

வவுனியா: மாணவர் பட்டியலில் 'ஔவை' என்று தேடினால் பிள்ளையின் பெயர் அகப்படுவதில்லை.

யாரோ ஒ-வும் ள-வும் தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. ஔகாரத்தின் பின்பாதி ள போலவே தெரிவதால் வரும் வினை இது. பெயரை அழித்து, ஔ விசையால் திரும்ப எழுதுங்கள்.

புதுக்குடியிருப்பு, தட்டச்சுக் கடை: பாமினிக் கடிதங்களும் இதே சிக்கலா?

இல்லை, அது வேறு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'தமிழ்' என்பது உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவம் போர்த்தியது அவ்வளவுதான். எழுத்துரு மாற்றும் மென்பொருள் ஒன்றால் யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிட்டு, பெயர்களையும் எண்களையும் ஒருக்கால் வாசித்துப் பாருங்கள்.