புட்டிக்குள் ஒரு சிவப்பு மாத்திரை

கேள்வி: சீனாவிலிருந்து வந்த உறவினர் 'யுன்னான் பையாவ்' பொடி தந்தார். வெட்டுக்காயத்தில் தூவலாமா? உள்ளேயிருக்கும் சிவப்பு மாத்திரை எதற்கு?

பதில்: 1902-இல் யுன்னான் மாகாணத்தில் சூ ஹுவான்ஜாங் உருவாக்கிய மருந்து இது. ரத்தத்தை நிறுத்துவதே இதன் முக்கிய வேலை. அதில் பெரும்பங்கு ஜின்செங் மூலிகையின் இனத்தைச் சேர்ந்த சான்சி வேருக்கு.

சின்னக் கீறல் என்றால், முதலில் ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். சுத்தத் துணியால் 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. பிறகும் கசிந்தால் மெல்லியதாகத் தூவிக் கட்டலாம். கழுவாமல் அள்ளிக் கொட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. பொடி ரத்தத்தோடு இறுகிப் பொருக்காகிவிடும். அடியில் அழுக்கு சிக்கிச் சீழ் பிடிக்கும்.

சிவப்பு மாத்திரை பலத்த அடிக்கு மட்டும் விழுங்குவது. நீங்களாகத் தொடாதீர்கள். இந்த மருந்தில் நாபி என்ற நச்சு வேரைச் சுத்தி செய்து சேர்க்கிறார்கள். அளவு மீறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். கர்ப்பிணிகளுக்கு இது கூடவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

ஆழமான வெட்டு, துருப்பிடித்த ஆணி, சர்க்கரை நோயாளியின் கால்புண் ஆகியவற்றுக்குப் பொடியே வேண்டாம். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசிக்கு எந்த மூலிகையும் மாற்றல்ல.