ராஜராஜ சோழன் நிஜத்தில் பார்க்க எப்படி இருந்தார்? அவர் காலத்து உருவம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

அவர் காலத்தில் செய்த உருவங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு மூக்கு இப்படி, தாடை இப்படி என்று சொல்லிவிட முடியாது. ஏன் முடியாது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

போன கோடை விடுமுறையில் அண்ணன் மகளை எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நம் ஊர் மண்ணில் கிடைத்த ரோமானியக் காசுகளையும் சோழர் காசுகளையும் பார்த்துவிட்டு, “சித்தப்பா, அந்த ராஜாவுக்கு மூக்கு, கழுத்து எல்லாம் தெரியுது. நம்ம ராஜாவுக்கு மட்டும் ஏன் மூஞ்சியே இல்ல?” என்று கேட்டாள். உங்கள் கேள்வியும் அதேதான்.

அவள் சொன்னது உண்மை. அயனாவரத்தில் காசு சேர்க்கும் நண்பர் ஒருவர் ராஜராஜனின் செப்புக்காசு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, லென்ஸையும் கொடுத்தார். நம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே சின்னது. ஒரு பக்கம் ஒருவர் பூவைப் பிடித்தபடி நிற்கிறார். மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறார், கையில் சங்கு, கைக்கு அருகே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. வேட்டியின் மடிப்பு இரண்டு பக்கமும் கம்பி கம்பியாக விரிந்திருக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சில கோடுகளும் ஒரு புள்ளியும்தான். தேய்ந்துபோனதால் அல்ல, அச்சே அப்படித்தான். ராஜராஜன் என்று நமக்குச் சொல்வது அந்த எழுத்துதான்.

அப்படியானால் ரோமானியர்கள் உள்ளதை உள்ளபடி காட்டினார்களா? அதுவும் இல்லை. கேயஸ், லூசியஸ் என்ற இரண்டு பேரன்கள் பின்பக்கம் நிற்கும் அகஸ்டஸின் வெள்ளிக்காசு தென்னிந்தியாவில் நிறையவே கிடைத்திருக்கிறது. அது அடிக்கப்பட்டபோது அகஸ்டஸுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. காசில் இருப்பதோ வாலிப முகம். கி.பி. 14இல், 75 வயதில் இறக்கும்வரை அவர் காசிலும் சிலையிலும் வயதாகவே இல்லை. அங்கே முகம்தான் அரசனின் முத்திரை, அதனால் அதைச் செதுக்கிச் செதுக்கி அழகாக்கினார்கள். நம் பக்கத்தில் முத்திரை வேறு.

அது என்ன என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சொல்கிறது. “நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்” கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் உத்தரவு போட்டார். வெட்டினார்கள் பாருங்கள்! நகையின் எடை, அதில் கோத்த முத்தின் எண்ணிக்கை, தளிச்சேரிப் பெண்டுகள் (கோயிலில் ஆடிய பெண்கள்) நானூறு பேரின் பெயர், எந்தச் சிறகில், அதாவது எந்த வீட்டு வரிசையில், எத்தனையாவது வீடு என்பதுவரை. செப்புத் திருமேனிகளுக்குப் பாதாதிகேசம், அதாவது பாதம் முதல் தலைமுடிவரை, இத்தனை முழம், இத்தனை விரல் என்று விரற்கணக்கில் உயரம். இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வைத்தவர்கள், விருப்பம் இருந்திருந்தால் அரசனின் முகத்தையும் பதிந்திருக்க மாட்டார்களா? அவர் சூடிக்கொண்ட பட்டப்பெயர்களில் ஒன்று சிவபாதசேகரன். சிவனின் பாதத்தைத் தலையில் சூடியவன் என்று பொருள். அப்படிப் பெயர் வைத்துக்கொண்டவரின் உருவத்தில் முக்கியமானது முகஜாடை அல்ல, இறைவன் முன்னால் அவர் எங்கே, எப்படி நிற்கிறார் என்பதுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்று ஓவியங்களைப் பாருங்கள். மேலே நாயக்கர் காலத்து ஓவியம் பூசப்பட்டிருந்தது. அதற்குக் கீழே சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். சுண்ணாம்புச் சாந்து ஈரம் காயும் முன்பே வண்ணம் தீட்டியது, அதனால்தான் ஆயிரம் வருடம் நின்றது. அதில் இரண்டு இடங்களில் ராஜராஜன் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒன்று, எல்லோரும் வாட்ஸ்அப்பில் பகிரும் அந்தப் படம்: வெண்தாடி வைத்த முதியவர், அவரோடு ஓர் இளையவர், ராஜராஜனின் குரு என்று சொல்லப்படும் கருவூர்த் தேவரும் ராஜராஜனும் என்று. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. கீழே பெயர் எழுதியிருக்கவில்லை, இருவரையும் முனிவர்களாகப் பார்க்கவும் இடம் இருக்கிறது. இன்னொன்று, தில்லைக் கூத்தன் ஆடுகிறார், அரசர் ஒருவர் தன் தேவியரோடு நின்று தொழுகிறார். அங்கேயும் பெயர் இல்லை, ஆனால் இந்தக் கோயிலில், இந்தச் சுவரில் அப்படி நிற்கக்கூடியவர் வேறு யார் என்று எனக்குத் தோன்றும். அதிலும் ஆடவல்லான்தான் (ஆடும் சிவன்) பெரியவர், அரசர் சின்ன உருவம். அந்தச் சுற்றுக்குள் பொதுமக்களை விடுவதில்லை. கோயில் வளாகத்திலேயே தொல்லியல் துறை வைத்திருக்கும் விளக்கக் கூடத்தில் புகைப்படங்களைப் பார்க்கலாம்.

இந்த வழக்கம் ராஜராஜனோடு தொடங்கியதும் அல்ல. அவருக்குப் பாட்டி முறையான செம்பியன் மாதேவி, கோனேரிராஜபுரத்தில் தன் கணவர் கண்டராதித்தர் லிங்கத்தைத் தொழுவதுபோல் ஒரு சிற்பம் செய்ய வைத்தார். பக்கத்திலேயே இவர் யார் என்று கல்வெட்டு. சென்னையிலிருந்து ஒரு நாளில் போய்வர வேண்டுமென்றால் மாமல்லபுரம் ஆதிவராகர் குகைக்குப் போகலாம். அங்கே ஒரு பல்லவ அரசர் உட்கார்ந்திருக்கிறார், எதிரே இன்னொருவர் தேவியின் கையைப் பிடித்துக்கொண்டு சன்னதியைக் காட்டி நிற்கிறார். தலைக்கு மேலே கிரந்த எழுத்தில் சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்ற பெயர்களும் உண்டு. அப்படியும் முதலாம் மகேந்திரனா இரண்டாமவனா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். முகஜாடையை வைத்துத் தீர்த்துக்கொள்ள வழியில்லை.

ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். சோழர் ஓவியங்களில் வரும் ஆண்கள் நீண்ட முடியை உயர்த்திக் கொண்டை போட்டிருக்கிறார்கள், காதில் அணி, மேலே சட்டை கிடையாது, இடையில் மெல்லிய ஆடை. ராஜராஜனும் இப்படித்தான் இருந்திருப்பார். நம் மனதில் இருக்கும் கம்பீர நடையும் பெரிய கிரீடமும் 1973இல் திரையில் சிவாஜி கணேசன் கொடுத்தது. அது நமக்குப் பிடித்த ராஜராஜன். அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் பதினோராம் நூற்றாண்டின் சாட்சி அல்ல.

கடைசியாக, செப்புச் சிலை. பெரிய கோயிலில் ஸ்ரீகார்யம் (கோயில் நிர்வாகம்) பார்த்த ஆதித்தன் சூரியன் என்ற அதிகாரி, பெரிய பெருமாளுக்கும் (ராஜராஜனை அப்படித்தான் குறிக்கிறது கல்வெட்டு) அவருடைய அரசி ஓலோகமாதேவியாருக்கும் (லோகமாதேவி) படிமம் செய்து வைத்தார். அரசர் உயிரோடு இருக்கும்போதே செய்தது. பல பத்தாண்டுகளுக்கு முன் கோயிலைவிட்டுப் போன ராஜராஜன், லோகமாதேவி சிலைகள் குஜராத்தில் ஒரு தனியார் அருங்காட்சியகத்திலிருந்து 2018இல் மீட்கப்பட்டன. ராஜராஜன் சிலையின் உயரம் 74 சென்டிமீட்டர். கல்வெட்டில் வரும் படிமம் இதுதானா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

தஞ்சைக்குப் போகும் வழியில் அந்தச் சிலைகள் ரயிலில் சென்ட்ரலுக்கு வந்தன. பார்க்க வந்த கூட்டத்தில் நானும் நின்றேன். முன்னால் இருந்தவர்களின் தோளுக்கு மேலே எக்கிப் பார்த்தபோது மாலைகளுக்கு நடுவே கூப்பிய இரண்டு கைகள் தெரிந்தன. முகம் பூவில் மறைந்திருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் அந்தக் கைகளைப் பார்த்தே கும்பிட்டார், நானும் கும்பிட்டேன்.