ஆறு சக்கர ஃபார்முலா 1 கார் நிஜமாகவே பந்தயத்தில் ஜெயித்திருக்கிறதா?

ஜெயித்திருக்கிறது. ஒரே ஒரு தடவைதான், ஆனால் முதலிடத்தோடு இரண்டாமிடத்தையும் சேர்த்து அள்ளியது. கார் பெயர் பி34, டைரல் அணியுடையது.

பள்ளி நாட்களில் நண்பனின் ட்ரம்ப் கார்டு கட்டில்தான் இதை முதலில் பார்த்தேன். பின்னால் வழக்கமான இரண்டு தடித்த டயர்கள், முன்னால் நான்கு குட்டிச் சக்கரங்கள். அச்சுப் பிழை என்றே நினைத்தேன்!

வடிவமைத்தவர் டெரெக் கார்ட்னர். அந்தக் காலத்தில் பாதிக்கு மேற்பட்ட அணிகளிடம் இருந்தது ஒரே காஸ்வொர்த் வி8 எஞ்சின். ஆகவே, கூடுதல் வேகத்தைக் காற்றின் தடையைக் குறைத்துத்தான் பிடிக்க வேண்டும். வழக்கமான முன் டயர்கள் மூக்குப் பகுதிக்கு மேலே துருத்திக்கொண்டு காற்றில் மோதும். மூக்கு 1.5 மீட்டர் அகலம் இருக்கலாம் என்றது விதி. அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும்படி 10 அங்குலச் சக்கரங்களைப் போட்டார். டயர் சிறுத்தால் பிடிப்பும் குறையுமே? அதற்குத்தான் இரண்டுக்குப் பதில் நான்கு. நான்கும் திரும்பும், நான்கிலும் பிரேக் உண்டு. ஓட்டுநர் அந்தக் குட்டிச் சக்கரங்களைப் பார்ப்பதற்காகக் காக்பிட் பக்கச் சுவரில் சின்ன ஜன்னல் வேறு வைத்தார்கள். எனக்கு இந்தக் காரில் ரொம்பப் பிடித்தது அந்த ஜன்னல்தான்.

பின் டயர்கள் பழையபடி பெரிதாகவே இருந்ததால், நேர்ச்சாலையில் எதிர்பார்த்த லாபம் முழுசாகக் கிடைக்கவில்லை. வளைவில் நுழையும்போதும் பிரேக் பிடிக்கும்போதும்தான் கார் தன் வேலையைக் காட்டியது.

1976 ஜூன் 13, ஸ்வீடனின் ஆண்டர்ஸ்டார்ப். டைரல் ஓட்டுநர் ஜோடி ஷெக்டர் முதலிடம், இன்னொரு பி34-இல் பாட்ரிக் டெபாயே இரண்டாமிடம். முன்னால் போய்க்கொண்டிருந்த மரியோ ஆண்ட்ரெட்டியின் லோட்டஸில் எஞ்சின் பழுதானது உதவியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆண்டுப் புள்ளிப் பட்டியலில் ஷெக்டருக்கு மூன்றாமிடம், டெபாயேவுக்கு நான்காமிடம். ‘வேடிக்கைக் கார்’ என்று ஒதுக்க முடியாத கணக்கு இது.

ஆனாலும் ஷெக்டருக்குக் காரைப் பிடிக்கவில்லை. வேறு அணிக்குப் போய்விட்டார். 1977-இல் அந்த இடத்துக்கு வந்த ரோனி பீட்டர்சனாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கார் கனத்துப் போயிருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் டயர். மற்ற எல்லா அணிகளுக்கும் வேண்டிய பெரிய முன் டயரை டயர் நிறுவனமான குட்இயர் தொடர்ந்து மேம்படுத்தியது. ஒரே ஒரு அணிக்கான 10 அங்குல டயர் பின்தங்கியது. என் கணிப்பில் பி34-ஐ வீழ்த்தியது அதுதான், கார்ட்னரின் யோசனை அல்ல.

1978-இல் டைரல் நான்கு சக்கரத்துக்கே திரும்பியது. 1983 முதல் ஃபார்முலா 1 காருக்கு நான்கு சக்கரம்தான் என்று விதியே வந்துவிட்டது.