பிஞ்சு உதிர்ந்தால் விதை போலியா?

கேள்வி: மொட்டைமாடியில் வளர்க்க ஆன்லைனில் 120 ரூபாய்க்கு 10 சுக்கினி விதை வாங்கினேன். எட்டு முளைத்தன. ஒரு செடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டேன். செடி தளதளவென்று இருக்கிறது, பூவும் நிறைய. ஆனால் பிஞ்சு விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி, நுனி அழுகி விழுந்துவிடுகிறது. போலி விதை என்று புகார் செய்யலாமா? (வாசகி, கோவை)

பதில்: வேண்டாம் அம்மா, பத்துக்கு எட்டு முளைத்திருக்கிறதே, விதை நல்ல விதைதான். மகரந்தம் சேராததால்தான் பெரும்பாலும் இப்படிப் பிஞ்சு வெம்பும். சுக்கினி பூசணி இனம். ஒரே செடியில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. பூவுக்கு அடியில் குட்டிக் காய் ஒட்டியிருந்தால் பெண்பூ, வெறும் காம்பாக இருந்தால் ஆண்பூ. மாடிக்குத் தேனீ வரவில்லையென்றால் அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். காலையில் பூ விரிந்ததும் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். இரண்டு பூவும் ஒரே நாளில் மலர வேண்டுமே, அதனால் அடுத்த முறை இரண்டு மூன்று செடியாவது வையுங்கள், ஒரு வளர்ப்புப் பைக்கு ஒரு செடியாக. மகரந்தம் சேராமலே காய்க்கும் 'பார்த்தீனோகார்பிக்' ரகங்களும் உண்டு. மாடிக்கு அவை தோது.

விதை வாங்கும்போது முளைப்புத்திறன் சதவீதம், பரிசோதித்த தேதி, லாட் எண் மூன்றும் அச்சிட்ட பாக்கெட்டாகப் பாருங்கள். பெயர்கூட இல்லாத ஜிப் கவர் விதை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பில்லையும் காலிப் பாக்கெட்டையும் அறுவடை வரை வைத்திருங்கள். சொன்ன அளவுக்கு முளைக்காவிட்டால் முதலில் விற்றவரிடம் கேளுங்கள். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனம் கேட்கவில்லை. காய்த்த காயிலிருந்து விதை எடுத்து வைக்காதீர்கள். எந்த மகரந்தம் கலந்ததோ, அடுத்த தலைமுறைக் காய் கசக்கலாம். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்ற நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. 2015-இல் ஜெர்மனியின் ஹைடன்ஹைமில் வீட்டுத் தோட்டத்துச் சுக்கினி கசந்தும் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தே போனார். சமைக்கும் முன் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, அந்தச் செடியையே பிடுங்கிவிடுங்கள்.