மாணவர் அல்லாதவர்கள் சிங்கப்பூரில் பல்கலைக்கழகப் பொது உரைகளுக்குப் போகலாமா? போய் என்ன பயன்?

தாராளமாகப் போகலாம். நான் ஒரு கிடங்கில் கணக்கு பார்ப்பவன், வரலாறு படித்தவனில்லை. ஆறேழு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். நான் போனவற்றில் பெரும்பாலானவை இலவசம்தான். இணையத்தில் பெயர் பதிந்தால் போதும், என்ன படித்தீர்கள் என்று வாசலில் யாரும் கேட்பதில்லை.

கெண்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழகம், அதை ஒட்டி ஹெங் முய் கெங் டெரஸில் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம். இரண்டிலும் பல கூட்டங்கள் வேலை நாளில் பிற்பகலில் வரும். அதற்காக நான் அரை நாள் விடுப்பு எடுத்ததுண்டு. சனிக்கிழமைதான் முடியும் என்றால் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தையும் கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையத்தையும் பாருங்கள். 1887-இல் சிங்கப்பூரிலேயே அச்சான ‘சிங்கை நகர் அந்தாதி’ என்ற செய்யுள் நூல் பற்றி நான் முதலில் கேள்விப்பட்டது அப்படி ஒரு சனிக்கிழமைதான். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்துவிட்டால் எதற்குப் போவது, எதை விடுவது என்றே தெரியாது.

சரி, பயன். எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

சோழர்களுக்கும் சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசுக்கும் இருந்த உறவு பற்றி ஓர் உரை. பேசியவர் வெளிநாட்டுப் பேராசிரியை. ஆனைமங்கலச் செப்பேடுகளைத் திரையில் காட்டினார். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் இருந்ததால் பெரிய லெய்டன் செப்பேடு என்றும் சொல்வார்கள். ஸ்ரீவிஜயத்தை ஆண்ட கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரைத் தானமாகக் கொடுத்த ஆவணம். மொத்தம் 21 ஏடுகள், கொஞ்சம் வடமொழி, மீதி தமிழ். நான் நாகப்பட்டினத்துப் பக்கத்துக்காரன். அந்த ஊர்ப் பெயரை கெண்ட் ரிட்ஜில் உட்கார்ந்து கேட்டபோது முதுகு தானாக நிமிர்ந்தது.

நிலத்துக்கு எல்லை குறித்ததைப் பற்றிப் பேச்சு வந்தது. பெண் யானையை நடக்கவிட்டு எல்லையைச் சுற்றி வருவார்கள். ‘பிடி சூழ்ந்து’ என்பது அதுதான். அப்புறம் ‘கல்லும் கள்ளியும் நாட்டி’ என்று வரும். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, கல் நடுவது புரிகிறது, கள்ளி எதற்கு என்றார். சடங்காக இருக்கலாம் என்று பேராசிரியை சொன்னார்.

எனக்குக் கை நடுங்கியது, ஆனாலும் தூக்கிவிட்டேன். எங்கள் கொல்லை எல்லையில் இன்றைக்கும் கள்ளி நிற்கிறது. ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும், தண்ணீர் ஊற்ற வேண்டாம், பாலுக்குப் பயந்து ஆடு மாடு வாய் வைக்காது. கல்லை ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கி நாலு அடி தள்ளி நட்டுவிடலாம். பத்து வருஷக் கள்ளிப் புதரைத் தள்ளி நட முடியுமா? தெரிந்த ஆங்கிலத்தில் இவ்வளவையும் சொல்லி முடித்தேன். அவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் தேநீர் மேசைப் பக்கம் என்னைத் தேடி வந்து, எந்த ஊர், எந்த வகைக் கள்ளி என்று அரைமணி நேரம் கேட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், உரை முடிந்தவுடன் கிளம்பிவிடாதீர்கள். கேள்வி நேரம்தான் நமக்கான நேரம். வயல், கோயில், கப்பல் வேலை, பாட்டி சொன்ன சொல் என்று நம்மிடம் இருப்பது பல சமயம் மேடையில் நிற்பவரிடம் இருக்காது. அவர்கள் அதைக் கேட்க ஆசைப்படுகிறார்கள். தமிழில் யோசித்துத் தயங்கித் தயங்கிப் பேசினாலும் பொறுமையாகக் கேட்கிறார்கள்.

அன்று இரவு அப்பாவுக்குப் போன் போட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “வேலி முழுக்கக் கள்ளின்னா சொன்னே? நடுவுல கிளுவைடா. மூலைக்குத்தான் கள்ளி” என்றார். மறுநாள் காலையிலேயே பேராசிரியைக்கு அதையும் எழுதி அனுப்பினேன்.